ஆறு வோல்ட், எட்டு வோல்ட்

படார் என்று அம்பிகாவின் பக்கத்து மேசையில் கபாசிட்டர் வெடித்தது. செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்த பெரம்பலூர் தனியார் பாலிடெக்னிக்கின் ஆய்வகம் முழுக்கப் பொசுங்கிய நாற்றம். கோகுலகிருஷ்ணன் பத்து வோல்ட் முனைக்குப் பதில் முப்பதில் ஒயரைச் செருகியிருந்தான். கையை உதறிக்கொண்டவன், வெடித்ததை நோட்டால் மூடிவிட்டு அசராமல் ரீடிங் எழுத உட்கார்ந்தான்.

அம்பிகாவின் சர்க்யூட் ஒழுங்காகத்தான் இருந்தது. ரெசிஸ்டரும் கபாசிட்டரும் இணையாக, ஒரே இரண்டு முனைகளுக்கு நடுவே. ரெசிஸ்டரில் மீட்டரை வைத்தாள்: பத்து. கபாசிட்டரில் வைத்தாள்: அதுவும் பத்து. வேறெப்படி வரும்? ஆனால் வகுப்பே மனப்பாடம் செய்து வந்த மாடல் ரெக்கார்டில் ஆறு, எட்டு என்றிருந்தது. இரண்டையும் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினால் வருகிற ரீடிங் அது; ஏசி மின்சாரத்தில் கூட்டினால் பத்தைத் தாண்டித்தான் வரும்.

“பதிலுதான் ரெக்கார்டுலயே இருக்கே, மீட்டர ஏன் நோண்டிக்கிட்டிருக்க?” என்றான் கோகுல்.

அவள் பத்து, பத்து என்றே எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் பட்டியல் ஒட்டினார்கள். கபாசிட்டரை வெடிக்கவைத்த கோகுலுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. அம்பிகா பெயில்.

வெள்ளிக்கிழமை கேம்பஸ் இண்டர்வியூ. ஒரு அரியர் இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். அந்த வேலை கிடைக்காவிட்டால் வைகாசியில் கல்யாணம் என்று பூலாம்பாடியில் அவள் அப்பா முத்துசாமி மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு முப்பத்தாறு வயது.

மார்க் போட்ட ராஜவேல் சாரைத் தேடி ஆய்வகத்துக்குப் போனாள். ரீடிங் ரெக்கார்டோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான் என்றார் அவர், தலையைத் தூக்காமல். அம்பிகா வாதாடவில்லை. அதே சர்க்யூட்டை அவர் கண் முன்னால் மாட்டினாள். மீட்டரை வைத்தாள். பத்து. அடுத்ததிலும் பத்து.

ராஜவேல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினார்.

“அந்த ஆறும் எட்டும் நான் இங்க படிச்சப்ப எழுதுனதும்மா, தப்புன்னு எனக்குத் தெரிய வந்தப்ப, அதப் பாத்து எழுதி எட்டு பேட்ச் பாஸாயிருந்துச்சு.”