மைம்மலுக்கு முன்னால்

யூலிற்றாவுக்கு வெள்ளத்தைக் கண்டு பயமில்லை. புருசனை நினைத்துத்தான் பயம்.

சூசைப்பிள்ளை அடிக்கிற மனிதர் என்று யாரும் எண்ணவேண்டாம். கோழிக்குஞ்சை மிதித்துவிடுவேனோ என்று பார்த்துப் பார்த்து முற்றத்தில் நடக்கிறவர் அவர். ஆனால் பெண்சாதி சொன்ன நேரத்துக்கு வீடு வராவிட்டால் அந்த மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. ஒருமுறை மடு மாதா கோயில் திருவிழாவில் அவள் தண்ணீர் அள்ளப் போய் ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டாள். அதற்குள் அவர் ஒலிபெருக்கியில் மூன்று தரம் அவளுடைய பெயரைக் கூப்பிட வைத்து, அங்கே வந்திருந்த தங்கள் ஊர் முல்லைத்தீவுச் சனம் முழுவதையும் சிரிக்க வைத்துவிட்டார்.

இதோடு நின்றால் பரவாயில்லை. அவருக்கு மாலைக்கண். பகலில் கடலின் நிறத்தைப் பார்த்தே மீன் எங்கே நிற்கிறது என்று சொல்லுவார்; பொழுதுபட்டு மைம்மல் ஆனதும் தன் வீட்டுப் படலைக் கதவும் தெரியாது. பன்னிரண்டு பேர் இழுக்கிற கரைவலைக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி அவர். கண் தெரியாத சம்மாட்டியின் சொல்லை எவன் கேட்பான்? ஆகவே இந்தச் சங்கதி புருசனுக்கும் பெண்சாதிக்கும் மட்டும் தெரிந்தது. மைம்மல் நேரத்தில் யாராவது தேடி வந்தால், "அவர் செபமாலை சொல்லுறார்" என்று யூலிற்றா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். ஊரில் அவருக்குப் பெரிய பக்திமான் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி இருபத்துநான்காம் திகதி காலை ஒன்பது மணிக்கு, ஒட்டுசுட்டானுக்கு அப்பால் நின்றுபோன பஸ்ஸுக்குள் இருந்து அவள் யோசித்ததும் இதைத்தான். வலைக்குப் புதுத் தேங்காய்த் தும்புக்கயிறு தெற்கிலிருந்து ரயிலில் மாங்குளத்துக்கு வந்திருந்தது. அதை எடுக்க முதல்நாள் போனவள், தெரிந்த வீட்டில் தங்கிவிட்டு, இருபத்துநாலாம் திகதி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்பேன் என்று சொல்லியிருந்தாள். இரவிரவாக வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. இப்போது முன்னால் இருந்த சின்னப் பாலத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் மண்ணிற வெள்ளம் நூறு அடி அகலத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடியது.

மத்தியானம் வரை சூசைப்பிள்ளை பொறுப்பார். பிறகு பொறுக்கமாட்டார். தெரு மூடியிருந்தால் வள்ளத்தை எடுத்து ஊருக்குப் பின்னால் கடலோடு ஒட்டிக் கிடக்கிற நந்திக்கடல் களப்புக்குக் குறுக்கே வருவார். நந்திக்கடல் நிரம்பினால் கரை மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். அந்த நேரம் அதில் நிற்கிற வள்ளம் போகிற இடம் நடுக்கடல்தான். பகலானால் அவர் சமாளிப்பார். மைம்மலில் எந்தப் பக்கம் கரை என்றே அவருக்குத் தெரியாது. ஆகவே மைம்மலுக்கு முன்னம் அவள் வீட்டில் நிற்கவேண்டும். அதற்கு வேறு பேச்சில்லை.

பஸ்ஸில் இருபத்திரண்டு பேர். வெள்ளம் வடியட்டும், இருந்து பார்ப்போம் என்றுதான் முதலில் எல்லாரும் சொன்னார்கள். அந்த நேரம் பின்பக்கமிருந்து இரண்டு பேர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"குளம் உடைஞ்சிட்டுது! மேல்பக்கம் முழுக்கத் தண்ணி! இஞ்சை நிக்காதேங்கோ!"

அதோடு பஸ்ஸுக்குள் ஒரே அழுகையும் கூச்சலுமாகிவிட்டது. யூலிற்றா சீலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள்.

"அழுறதை வீட்டை போய் அழலாம். பஸ்ஸுக்கு மேலை என்ரை கயிறு நாலு கட்டுக் கிடக்கு. ஒண்டை இறக்குங்கோ."

கயிற்றை இறக்கியவர் தில்லைநாதன். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்திட்டத்துக்கு வந்து நெல் விதைக்கிறவர். ஆறடி உயரம், அதற்கேற்ற தைரியம். கயிற்றின் ஒரு முனையைத் தெருவோரப் பாலைமரத்தில் கட்டினார். மறு முனையை மற்றக் கரைக்குக் கொண்டுபோகத் தானே ஆள் என்று போட்டிருந்த சேட்டைக் கழற்றினார். யூலிற்றாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிறகு அவர் அந்த முனையை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போடுவதைக் கண்டாள்.

"தம்பி, என்ன செய்யிறியள்? கயிற்றைக் கையிலை பிடியுங்கோ. கட்டாதேங்கோ."

"அக்கா, எங்கடை ஊரிலை கிணறு கலக்கி இறைக்க நான் எத்தினை தரம் இறங்கினனான் தெரியுமோ? இடுப்பிலை கட்டாமல் ஒருத்தரும் இறங்கமாட்டினம். ஏதும் பிழைச்சால் மேலை நிக்கிறவை இழுத்து எடுப்பினம்."

"கிணத்துத் தண்ணி நிண்ட இடத்திலை நிக்கும். இது ஓடுற தண்ணி. நேரை போகாதேங்கோ, மேலை இறங்கிச் சரிவாய்ப் போங்கோ. தண்ணி தள்ளுற பக்கம் போனால்தான் கரை வரும்."

சுற்றி நின்ற ஆண்கள் எல்லாரும் தில்லைநாதன் பக்கம். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. அங்கே பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறுதான். முடிச்சு அவிழவில்லை. அவர் நேரே இறங்கினார்.

பாதித் தூரம் நன்றாகத்தான் போனார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. பிறகு கால் எதிலோ சறுக்கியது, ஆள் விழுந்தார். கரையில் நின்ற ஐந்து பேரும் "இழு! இழு!" என்று கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். இழுக்க இழுக்க வெள்ளம் அவருடைய முதுகில் ஏறி அமுக்கியது. ஒருதரம் தலை தெரிந்தது. அடுத்த தரம் கை மட்டும் தெரிந்தது.

"விடுங்கோ கயிற்றை!" என்று யூலிற்றா கத்தினாள். "இழுத்தால் தாழுவார்! விடுங்கோ!"

யார் விடுவார்கள்? ஒரு மனிதன் மூழ்கும்போது கயிற்றை விடு என்றால் பைத்தியக்காரி என்றுதான் நினைப்பார்கள். ஐந்து பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தார்கள். கதைத்துப் பயனில்லை என்று கண்ட யூலிற்றா, கையிலிருந்த குடையைத் திருப்பி, மரக்காம்பால் ஐந்து பேருடைய விரல்மொளியிலும் வரிசையாகப் போட்டாள். வலியில் ஐந்து பேரும் கையை உதறினார்கள். மரத்தில் கட்டிய கயிற்றின் மிச்சம் பாம்பாய் வழுவித் தண்ணீருக்குள் ஓடியது.

தில்லைநாதன் மேலே வந்தார். இருமிக்கொண்டு, புரண்டுகொண்டு, வெள்ளம் போன பக்கமே போனார். நூறு நூற்றிருபது அடி கீழே, ஆறு வளைகிற இடத்தில், எதிர்க்கரை மருதமரத்தின் வேரில் போய் மாட்டினார். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தார். பிறகு எழும்பி இருந்து, குடித்த வெள்ளத்தைச் சத்தி எடுத்தார். அதைப் பார்த்து மனம் குளிர்ந்த கூட்டத்தை வேறெங்கும் கண்டிருக்க முடியாது.

"அக்கா!" என்று அங்கிருந்து கையைத் தூக்கினார். "இனி என்ன செய்யிறது? நீங்கள் சொல்லுங்கோ!"

"இருக்கிற இடத்திலையே கட்டுங்கோ! அதுதான் சரியான இடம்!"

அதுதான் உண்மை. கயிறு இப்போது சரிவாய், வெள்ளம் ஓடுகிற திசையோடு சாய்ந்து கிடந்தது. தும்புக்கயிறு தண்ணீரில் தாழாது, மிதந்துகொண்டு வழிகாட்டும். கரைவலை இழுக்கிறவர்களுக்கு இது பாலர் வகுப்புப் பாடம். நீரோட்டத்தோடு சண்டை பிடித்து எவரும் வலையைக் கரைக்குக் கொண்டுவந்ததில்லை; அது போகிற பக்கம் நகர்ந்து நகர்ந்துதான் இழுப்பார்கள்.

யூலிற்றா ஆட்களை வரிசைப்படுத்தினாள். "தண்ணி வாற பக்கம் முகம். கயிறு நெஞ்சுக்கு முன்னாலை. ஒருத்தரும் ஒண்டையும் கட்டப்படாது. கையை மாத்தி மாத்திப் பிடியுங்கோ, மிச்சத்தை வெள்ளம் பாத்துக்கொள்ளும். பிள்ளையளை ஆம்பிளையள் தோளிலை வையுங்கோ." வீங்கிய விரல்களோடு அந்த ஐந்து பேரும்தான் முதலில் இறங்கினார்கள்.

இருபத்திரண்டு பேரும், சைக்கிள்காரர் இருவரும் கரையேறப் பதினொரு மணி தாண்டிவிட்டது. கடைசியாக வந்த சாரதி கயிற்றை அவிழ்க்கவா என்று கேட்டான்.

"விடு, கிடக்கட்டும். பின்னாலையும் சனம் வரும்" என்றாள் யூலிற்றா.

அங்கிருந்து நடை. தெரு சில இடத்தில் முழங்காலளவு தண்ணீரில், சில இடத்தில் விழுந்த மரத்துக்குக் கீழே. முள்ளியவளையில் கூட்டம் கலைந்தது. தில்லைநாதனின் தமையன் வீடு அங்கே இருந்தது.

"அக்கா, நில்லுங்கோ. சாப்பிட்டிட்டு விடிய வெளிக்கிடலாம். உங்களாலைதான் நான் உயிரோடை நிக்கிறன்."

"நீங்கள் இறங்கினபடியாலைதான் நாங்கள் எல்லாரும் நிக்கிறம் தம்பி. சாப்பாடு இன்னொரு நாளைக்கு. எனக்கு மைம்மலுக்கு முன்னம் போகவேணும்."

பசி வயிற்றைக் கிள்ளியது. செருப்பு எங்கேயோ போய்விட்டது, குடைதான் மிச்சம். ஆனால் அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. வெள்ளத்தையே கடந்தாயிற்று, இனி இந்த மனிதனைக் கடக்க முடியாதா என்று எண்ணிக்கொண்டு வேகமாக நடந்தாள். ஊர் எல்லையில் தேவாலயக் கூரை தெரிந்தபோது வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தாள்.

வாசலில் பக்கத்து வீட்டுப் புனிதம் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ அக்கா, வந்திட்டியளோ! அண்ணை உங்களைத் தேடி வள்ளத்திலை போயிட்டார். ஒரு மணித்தியாலம் இருக்கும். எல்லாரும் மறிச்சுப் பாத்தம், கேக்கேல்லை."

யூலிற்றா களப்புக் கரைக்கு ஓடினாள். பனிபோல் மூடிய மழைப் புகாரில் நூறு அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் கடல் பக்கமாக இழுக்கத் தொடங்கியிருந்தது. எங்கேயோ மணல் உடைந்துவிட்டது. வலை இழுக்கிறவர்கள் எட்டுப் பத்துப் பேர் கரையில் நின்றார்கள். இன்னொரு வள்ளத்தில் தேடிப் போகலாம் என்றான் ஒருவன். அவளுக்கும் கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. ஆனால் புகாருக்குள் இரண்டு வள்ளம் ஒன்றையொன்று தேடி, இரண்டையும் கடலுக்குக் கொடுப்பதா?

"ஓலைச் சூள் கொளுத்துவம்" என்றான் மற்றவன். "வெளிச்சத்தைக் கண்டு சம்மாட்டியார் வருவார்."

பதினேழு வருசம் காத்த சங்கதி.

"அவர் காணமாட்டார்" என்றாள். "அவருக்கு மைம்மலிலை கண் தெரியாது. கலியாணம் கட்டின நாளிலையிருந்து தெரியாது."

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. கண் தெரியாவிட்டால் என்ன, காது இருக்கிறதே என்று கோயிலைப் பார்த்து ஓடினாள்.

கோயில் மணிக்குப் பொறுப்பான கொன்ஸ்ரன்ரைன் கதவடியில் சாக்கை விரித்து ஈரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, மணி அடிக்கவேணும்."

"ஆர் செத்தது, பிள்ளை?"

"ஒருத்தரும் சாகேல்லை. துக்க மணியில்லை. நத்தார் மணி. ஓயாமல் அடிக்கவேணும்."

கிழவர் மிரண்டுபோனார். "என்ன பிள்ளை கதைக்கிறாய்? நத்தார் மணி பாலன் பிறக்கிற நேரத்துக்குத்தான். இப்ப அடிச்சால் சுவாமியார் என்னை உயிரோடை விடுவாரோ?"

"சுவாமியாருக்கு நான் பதில் சொல்லுறன். துக்க மணி கேட்டால், அந்த மனுசன் நான் செத்துப்போனன் எண்டு நினைச்சு வள்ளத்தைத் திருப்பவேமாட்டுது. விலகுங்கோ!"

கிழவர் விலகினார். விலகாவிட்டால் குடைக்காம்புக்கு இன்னும் ஐந்து விரல் வேலை இருந்திருக்கும்.

அவள் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஒற்றை ஒற்றையாக அல்ல. மூச்சு விடாமல், ஊர் அதிர, பாதிராத்திரியில் மட்டும் கேட்கிற அந்தப் பெருநாள் மணியை மாலை ஆறு மணிக்கு அடித்தாள். வீடுகளிலிருந்து சனம் வெளியே வந்தது. பிள்ளைகள் பாலன் பிறந்துவிட்டார் என்று துள்ளினார்கள். கை தோல் உரிந்தது. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. புனிதம் மாற்றிக்கொள்ள வந்தாள், கொடுக்கவில்லை. கொன்ஸ்ரன்ரைன் போதும் என்றார், கேட்கவில்லை. மாதாவே, அந்தாளின் காதில் இதைக் கொண்டுபோய்ச் சேர் என்று ஒவ்வொரு இழுப்புக்கும் கெஞ்சினாள். வெளிச்சம் போய்விட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஈரக் கை ஒன்று அவளுடைய கைமேல் வந்து படிந்தது.

"காணும் யூலி, நிப்பாட்டு. கேட்டிட்டுது."

சூசைப்பிள்ளை தலையிலிருந்து தண்ணீர் வடிய நின்றார். வலை இழுக்கிற இருவர் அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தார்கள்.

யூலிற்றா அவருடைய நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். பிறகு அதே நெஞ்சில் முகத்தை வைத்து, சின்னப் பிள்ளை போல் விம்மி அழுதாள். ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது.

"உங்களை ஆர் தேடி வரச் சொன்னது? நான் என்ன சின்னப் பிள்ளையோ?"

"ஒரு பக்கமும் தெரியேல்லை யூலி" என்றார் அவர். "வள்ளம் தன்ரை பாட்டுக்குப் போகுது. அப்பதான் மணி கேட்டுது. நத்தார் மணி. இந்த நேரத்திலை அதை அடிக்கிற துணிவு ஊரிலை ஒருத்திக்குத்தான் கிடக்கு. நீ வீட்டை வந்திட்டாய் எண்டு தெரிஞ்சுது. அந்தப் பக்கமே துடுப்பை வலிச்சன்."

பக்கத்தில் நின்றவன் தயங்கிச் சொன்னான். "சம்மாட்டியார், முன்னுக்கு மூண்டு படி கிடக்கு. பாத்து."

சூசைப்பிள்ளை திரும்பினார். அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தவர், கேட்கவில்லை. யூலிற்றா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோல் உரிந்த கையால் அவருடைய கையைப் பிடித்தாள். பதினேழு வருசத்தில் முதல் தடவையாக, ஊர் பார்க்க, மைம்மல் இருட்டில் படி படியாகச் சொல்லி அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.