மிச்சம் வைக்காத கிண்ணம்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் பிரஷர் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். நான் அந்தப் பள்ளியின் நர்ஸ். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ஊசி மிஸ். இத்தனைக்கும் அங்கே நான் ஒருவருக்கும் ஊசி போட்டதில்லை. சிராய்த்த முழங்காலுக்கு மருந்து தடவுவதும், வயிற்றுவலி என்று கணக்குப் பாடத்திலிருந்து தப்பி வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதும்தான் என் வேலை. பார்த்ததில், வகுப்புக்கு நாலைந்து பிள்ளைகளுக்குப் பிரஷர் கூடுதலாக இருந்தது. அதில் ஒருத்தி ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள்.

என் அண்ணனுக்கும் சின்ன வயதில் இப்படித்தான் ஆரம்பித்திருக்க வேண்டும், யாரும் கவனிக்கவில்லை. இன்று அவர் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்.

"குடும்பத்துலயே இருக்கு. அதோட உப்பும் சேர்ந்திருக்கு," என்றார் குழந்தைகள் டாக்டர். "உப்பைக் குறைங்க. இந்த டேர்ம் முடியறதுக்குள்ள இறங்கலைன்னா மாத்திரைதான். ஆரம்பிச்சா சுலபத்துல நிறுத்த முடியாது."

பதினொரு வயதுப் பிள்ளைக்கு மாத்திரை டப்பாவா என்று வீடு வரும் வரை எனக்குக் கண் கலங்கிக்கொண்டே இருந்தது. வந்ததும் முதல் வேலையாக உப்பு ஜாடியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன். அவள் அப்பா ஊறுகாய் பாட்டிலைத் தானாகவே எடுத்து நீட்டினார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

அடுத்தது பள்ளிக்கூடத்துச் சூப். மதியம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கிண்ணம் காய்கறிச் சூப்பும் ரொட்டியும் வகுப்பறைக்கே போகும். ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன், கடல் தண்ணீரை மொண்டு வாயில் ஊற்றியது போல இருந்தது. நேரே பெரிய சாரிடம் போனேன். தலைமை ஆசிரியரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சின்ன சார் என்று யாரும் கிடையாது.

பெரிய சாருக்குத் திட்டம் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே உச்சி குளிர்ந்துவிடும். அன்றைக்கே 'உப்புக் குறைப்புத் திட்டம்' பிறந்தது. சமையலறை உப்பு முழுவதும் அவர் அறையில் இருந்த இரும்பு அலமாரிக்குப் போய், பரீட்சைக் கேள்வித்தாளோடு வைத்துப் பூட்டப்பட்டது. காலையில் சமையல் அக்கா இரண்டு சாட்சிகளோடு வந்து அளந்து வாங்கிப் போக வேண்டும். வாரத்துக்கு ஒரு கரண்டி குறையும். பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லி அவரே தன் மேஜையைத் தட்டிக்கொண்டார்.

அலமாரியிலிருந்து வரும் உப்பு குறையக் குறையச் சூப்பில் ஏறிக்கொண்டே போனது.

என் நாக்கில்தான் கோளாறோ என்றுகூட நினைத்தேன். பிறகு ஒருநாள், காய்கறிக் கூடைகளுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பிள்ளைகளுக்குப் போகும் சாப்பாட்டைப் பெரியவர்கள் ருசி பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது அங்கே விதி. ஒரே ஒருவர்தான் பார்க்க வேண்டும் என்று விதியில் இல்லை. முதலில் சமையல் அக்கா குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார், இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை போட்டார். அவர் பாத்திரம் கழுவப் போனதும் விளையாட்டு வாத்தியார் வந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவருக்கு அதுவே பெயர். ஒரு கரண்டி குடித்தார், அக்கம்பக்கம் பார்த்தார், பாக்கெட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். மூன்றாவதாக வந்தவர் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். அதற்குள் கண்ணாடி இல்லை, உப்பு இருந்தது. கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது. அவர்தான் பெரிய சார்.

நான் எழுந்து நின்றேன். கூடை ஒன்று உருண்டது.

"பசங்க பாவம்மா. வாயில வைக்க முடியல," என்றார் பெரிய சார். "ஒரே ஒரு சிட்டிகைதான். என்னைத் தவிர யாரும் போடறதில்ல."

விசிலும் அதையேதான் சொன்னார். சமையல் அக்காவும் அதையேதான் சொன்னார். ஆளாளுக்குத் தான் மட்டும்தான் பிள்ளைகளுக்கு இரக்கப்படுவதாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து நான் யாரையும் நம்பவில்லை. பானை அடுப்பில் ஏறுவதிலிருந்து சாப்பாட்டு நேரம் முடிந்து காலிப் பானை திரும்புகிற வரை கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றேன். முழங்கால் சிராய்த்தவர்கள் அங்கேயே வந்து மருந்து தடவிக்கொண்டார்கள். சூப் ஒருவழியாக டாக்டர் கேட்ட சூப்பாக மாறியது. போன பானை போனபடியே திரும்பியும் வந்தது. வகுப்பு வகுப்பாகச் சப்பென்ற சூப்பைக் கீழே கொட்டினோம்.

"திட்டம் தோத்துடக் கூடாதும்மா," என்றார் பெரிய சார். "நீங்க பானையைப் பாருங்க. வகுப்பை நான் பாத்துக்கறேன்."

நானும் பானையைத்தான் பார்த்தேன். அடுத்த வாரமே பானைகள் வழித்துத் துடைத்தது போலக் காலியாக வந்தன. சமையல் அக்கா உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, ஏதோ காத்து கருப்பு என்று முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உப்பு குறைந்தால் நாக்கு சில வாரத்தில் பழகிக்கொள்ளும் என்று படித்திருந்தேன். கொஞ்சம் சீக்கிரமே பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"சூப் குடிச்சியா?" என்று சாயந்திரம் மகளைக் கேட்பேன்.

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கலம்மா."

அவளைக் கட்டிக்கொள்வேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கத் தோன்றியதே இல்லை.

டேர்ம் முடியப் போகிறபோது மறுபடியும் எல்லாருக்கும் பிரஷர் பார்த்தேன். சூப்பைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் இறங்கியிருந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தவர்களுக்கு ஏறியிருந்தது. பள்ளியிலேயே அதிகமாக ஏறியிருந்தது என் மகளுக்கு. கையை மாற்றிப் பார்த்தேன், பேட்டரியை மாற்றிப் பார்த்தேன், அவளைப் படுக்க வைத்துப் பார்த்தேன். எண் அசையவில்லை.

பெரிய சார் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"விஷயம் தெளிவா இருக்கும்மா. யாரு சூப் குடிச்சாங்களோ அவங்களுக்குத்தான் ஏறியிருக்கு. உப்பில்லாத சூப் குழந்தைங்களுக்கு ஆகாது. நாளைக்கே நிறுத்திடலாம்."

பதில் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் விசில் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஆறாம் வகுப்புக்குப் பின்பக்கச் சுவர் வீங்கிக்கொண்டு வருகிறதாம். போய்ப் பார்த்தோம். ராத்திரி பெய்த மழையில் ஜன்னல் உயரத்துக்கு வெளுப்பாக என்னவோ ஊதி, சுவரோடு சாய்ந்து நின்றது. காக்கைகள்கூட அலுத்துப்போய் தூரத்தில் உட்கார்ந்திருந்தன. அஸ்திவாரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று பெரிய சார் கொத்தனாரை வரவழைத்தார். கொத்தனார் குந்தி உட்கார்ந்து கரண்டியால் ஒரு குத்துக் குத்தினார். நீளமாக ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

"சார், இது நூடுல்ஸ்."

பெரிய சாருக்கு முகம் விழுந்துவிட்டது. "அட, அப்ப பசங்க தூளை மட்டும் சாப்பிட்டுட்டு நூடுல்ஸை வெளியில வீசறாங்களா? எவ்வளவு சரக்கு வீணாப் போகுது."

"எந்தத் தூள்? எந்த நூடுல்ஸ்?" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"பரிசும்மா," என்றார். "என் மச்சினன் ஏஜென்சி வச்சிருக்கான். தேதி முடியப் போற பெட்டியெல்லாம் சும்மாவே குடுத்தான். சூப்பை மிச்சம் வைக்காம குடிச்சா ஒரு பாக்கெட். வகுப்புல முதல்ல முடிச்சா ரெண்டு. பின்ன, பானை எப்படிக் காலியா வந்துச்சுன்னு நினைச்சீங்க?"

"அந்தத் தூள்ல என்ன இருக்குன்னு தெரியுமா சார்?"

"மசாலா."

"உப்பு சார். ஒரு பிள்ளை நாள் பூரா சாப்பிடலாம்கற உப்புல முக்கால்வாசி அந்த ஒரு பொட்டலத்துல இருக்கு."

பெரிய சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வெள்ளையா இல்லையேம்மா," என்றார். பிறகு, "தவிர, நம்ம திட்டம் சூப்பைப் பத்தி மட்டும்தானே," என்றார்.

அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கொத்தனார் நடுவில் நின்றுகொண்டிருந்ததால் அவர் பிழைத்தார். பெட்டிகளை அந்த நிமிஷமே வெளியேற்றச் சொல்லிவிட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பானையைக் காத்து நின்ற நேரமெல்லாம் நாலு சுவர் தள்ளி என் பிள்ளைக்கு உப்பு ஊட்டப்பட்டிருக்கிறது. யாரை அடிப்பது, எதற்கு அழுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி மணி அடித்ததும் மகள் வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு, நான் கேட்காமலே சட்டைக் கையை மேலே சுருட்டி நீட்டினாள். அவளுடைய விரல்நுனிகள் ஆரஞ்சு நிறமாக இருந்தன. தினமும் பார்த்த விரல்கள்தான், ஓவிய வகுப்புச் சாயம் என்று நினைத்திருந்தேன். ஒருவேளை இப்போதாவது குறைந்திருக்குமோ என்ற நப்பாசையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். குறையவில்லை.

"இன்னும் இறங்கலையாம்மா?"

"இல்ல கண்ணு."

அவள் உதடு துடித்தது. "நான் ஒரு நாள்கூட மிச்சம் வைக்கலம்மா. வாந்தி வர்ற மாதிரி இருந்தாலும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன். தினமும் வகுப்புல நான்தான் முதல்ல முடிப்பேன். வேணும்னா சார்கிட்ட கேட்டுப் பாரு."

பட்டையைக் கழற்றினேன். எங்கிருந்து ஆரம்பித்து இவளுக்குச் சொல்வது என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவள் அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், என்னைத் தேற்றுகிற மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதம்மா. நாளையிலேர்ந்து நான் ரெண்டு கிண்ணம் குடிக்கறேன்," என்றாள்.