முப்பத்தோரு வண்டி நிற்கும் தெரு

எனக்கு மூக்கின் நுனியில் கோபம் என்பது எங்கள் கடைத்தெரு முழுக்கத் தெரியும். அன்று நகரமைப்பு அலுவலகத்துக்கும் தெரிந்துபோயிற்று.

"சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லாத தெரு மேடம் அது! முனையில இருக்கற பழைய கிடங்கை இடிச்சுட்டு நாப்பது வீடு கட்டுவீங்களாம், பன்னெண்டு காருக்கு மட்டும் இடம் விடுவீங்களாம். மிச்ச காரெல்லாம் எங்க தலைமேலயா நிக்கும்?"

அதிகாரி பேனாவை மூடிவைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இடமில்லைன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. எந்த வண்டி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு எழுதிட்டு வாங்க. அரை மணிக்கு ஒரு தடவை, நம்பர்ல கடைசி நாலு எண் போதும். நீங்க சொல்றது சரின்னா ஃபைலை நானே நிறுத்தி வைக்கிறேன்."

விடுவேனா? பெயிண்ட் கடை வியாபாரத்துக்கு நடுவே நான் எழுத முடியாது. ஆனால் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் என் அக்கா இருந்தாள். மூட்டு தேய்ந்து ஒன்றரை வருஷமாக அவள் கீழே இறங்கவில்லை. லிஃப்ட் இல்லாத வீடு. நாற்காலியில் வைத்துத் தூக்கி வருகிறோம் என்றால், "எறங்கி எங்க போறது? வாசல்ல டாக்ஸி நிக்க இடமிருக்கா? நடுரோட்டுல நிறுத்தி, பின்னாடி பத்து பேர் ஹாரன் அடிக்க, என்னை மூட்டை மாதிரி ஏத்துவியாக்கும்" என்பாள். நியாயம்தானே என்று நானும் விட்டுவிடுவேன்.

"எழுதித் தரேன், ஆனா உள்ளதைத்தான் எழுதுவேன்" என்றாள். மாமா விட்டுப்போன பைனாகுலரைத் துடைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு ஜன்னலில் உட்கார்ந்தாள். இரவு எட்டு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு மாடிக்குப் போனேன். கட்டிலின் மேல் பதினாலு தாள்கள் வரிசையாக இருந்தன.

முப்பத்தோரு இடம். ஒரு மணி விடாமல் முப்பத்தொன்றும் நிறைந்திருந்தது. "பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா!" என்று துள்ளினேன்.

"குதிக்காதடா. பக்கவாட்டுல படி."

படித்தேன். 4172. எட்டு மணிக்கு 4172, எட்டரைக்கு 4172, சாயங்காலம் ஆறுக்கும் அதே 4172. அடுத்த வரிசையும் அப்படித்தான். அதற்கடுத்ததும். இருபத்திரண்டு வரிசைகளில் காலையில் நின்ற எண் ராத்திரி வரை அசையவில்லை.

"இதெல்லாம் யாரோட வண்டி?" என்றேன்.

"சலூன்காரரோடது. இது மருந்துக்கடை. இது பேக்கரி. 4172 உன் வேன்டா, மக்கு. சொந்த வண்டி நம்பர்கூடத் தெரியாதா?"

எங்கள் தெருவில் அதுதான் பழக்கம். பக்கத்துக் கடைக்கு வருகிறவன் நம் வாசலைப் பிடித்துவிடக் கூடாது என்று, விடிந்ததும் அவரவர் வண்டியை அவரவர் வாசலில் கொண்டுவந்து போட்டுவிடுவோம். நம் வாடிக்கையாளர் வந்தால் எடுத்து இடம் கொடுக்கலாம் என்பது எண்ணம். பதினோரு வருஷத்தில் கடை நேரத்தில் நான் ஒரே ஒரு தடவை எடுத்தேன், அதுவும் பஞ்சர் ஒட்ட.

மிச்சம் ஒன்பது இடம். அந்த ஒன்பதில் மட்டும் நூற்று நாற்பத்து மூன்று வண்டிகள் வந்து போயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அக்காவின் பொடி எழுத்து; இடம் கிடைக்காமல் போனவர்களும் ஓரத்தில் இருந்தார்கள். 'டீச்சர், ரொட்டி, ஆறு நிமிஷம்.' 'நர்ஸ், மருந்து, மூணு சுத்து சுத்தினப்புறம் இடம் கிடைச்சுது.' 'பச்சை கார், பெயிண்ட் வாங்க வந்து இடமில்லாம திரும்பிப் போயிட்டாங்க.' தினமும் மிதித்து நடக்கிற தெரு இது. இத்தனை பேர் இதை நம்பி வருகிறார்கள், ஒன்பதே இடம் இத்தனை பேரைத் தாங்குகிறது என்பதை, வீட்டைவிட்டு இறங்காதவள் எழுதித்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசித் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் அச்சடித்த விண்ணப்ப நகல். முனையில் வரப்போகும் கட்டடத்தில், லிஃப்ட் உள்ள வீட்டுக்கு, அக்காவின் பெயரில்.

"அக்கா, இது..."

"வேற பேப்பர் இல்லைடா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீதான் ஊரையே கூட்டிட்டு வேண்டாம்னு கத்திக்கிட்டிருந்தியே. அதுல எங்க சொல்றது?"

தெரு நிறைந்திருக்கிறது என்று நிரூபணமானால் அவளுடைய வீடு போய்விடும். தெரிந்தேதான் நாள் முழுக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறாள், ஒன்றைக்கூடக் குறைக்காமல், கூட்டாமல். வெட்கமாக இருந்தது. அதைவிட, இவள் என் அக்கா என்பது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

மறுவாரம் அதிகாரி வைத்த கூட்டத்தில் நான்தான் எழுந்து படித்தேன். முதலில் என் வேன். பிறகு ஒவ்வொருவரின் வண்டியாக.

"என்னப்பா, கட்சி மாறிட்டியா?" என்று சலூன்காரர் எகிறினார்.

"உங்க வண்டி பன்னெண்டு மணி நேரம் நின்னுச்சு அண்ணே. பொய்யின்னா சொல்லுங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் சத்தம் போட்டபின் முடிவானது: ஒரு வாரம் எங்கள் வண்டிகளைச் சந்தைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் நிறுத்திப் பார்ப்பது. தெருவில் இடம் மிஞ்சினால் கட்டடத்துக்கு அனுமதி.

முதல் நாள் காலை வேனை மைதானத்தில் விட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே எட்டு நிமிஷம் நடந்தேன். தெருமுனையில் திரும்பியதும் கால் நின்றுவிட்டது. அம்மாடி! இவ்வளவு அகலமா எங்கள் தெரு? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாக் கடை வாசல்களும் தெரிந்தன. என் கடைப் பலகையில் கீழே இன்னொரு வரி எழுதியிருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மேலேயிருந்து அக்கா கூப்பிட்டாள். "டேய்! டாக்ஸிக்குச் சொல்லியிருக்கேன். நாற்காலியைக் கொண்டு வா."

நானும் சலூன்காரரும் அவளைத் தூக்கிக்கொண்டு படி படியாக இறங்கினோம். 4172 நின்ற இடத்தில் டாக்ஸி நின்றிருந்தது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. தெருவில் கால் ஊன்றியதும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து தன் ஜன்னலையே பார்த்தாள். அப்புறம் மெதுவாக ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கக்கா போற?"

"முனை வரைக்கும். என் வீடு வரப்போற இடத்தைக் கிட்டப் போய்ப் பாக்கணும். டாக்ஸி எத்தனை நிமிஷம் நின்னுச்சு?"

"பதினொண்ணு."

"மறக்காம எழுதி வை" என்றாள்.

எழுதினேன். எண் எழுதி, எதிரே 'அக்கா, பதினொரு நிமிஷம்' என்று எழுதும்போது எழுத்து கலங்கித் தெரிந்தது.