நோயாளி மறுத்தார்

அந்த ஆஸ்பத்திரியில் கத்தியைவிடக் கூர்மையானது கடிகாரம். முன்னாள் படைவீரர்களுக்கென்று அரசாங்கம் நடத்துகிற இடம் அல்லவா, பகல் இரண்டு மணிக்குமேல் புதிய கேஸ் எதுவும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகாது. மூன்றரைக்கு நர்சுகள் கையுறையைக் கழற்றிவிடுவார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியின் பெயர் பெவ். தியேட்டரின் தலைமை நர்ஸ் அவள்தான்.

டாக்டர் ஜூடித் நவாட்னி அந்தப் பூசாரியோடு பத்தொன்பது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. கை சுத்தம்; வாய் அவ்வளவு சுத்தமில்லை. மின்னசோட்டா மாநிலத்தின் பாதி மாவட்டங்களில் அவள் வெட்டிய கால்களுக்கு மரக்கால் மாட்டிக்கொண்டு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

1993 நவம்பர் பத்தாம் தேதி, புதன்கிழமை காலை, ஆர்லன் பிரெக்கேயின் கட்டிலருகே நின்று அவள் கத்திக்கொண்டிருந்தாள். கோபத்தில் அல்ல. ஆர்லனுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதும் பாதிதான். கொரியாவில் பீரங்கிகள் வாங்கிக்கொண்டது காதை. பனி வாங்கிக்கொண்டது இரண்டு கால்விரல்களை. மிச்சமிருந்த பாதம் இப்போது கறுத்துப்போய்ச் சீழ் கட்டியிருந்தது.

"முட்டி மிஞ்சுமா மேடம்?"

"இன்னிக்கே வெட்டினா மிஞ்சும்! முட்டிக்குக் கீழ ஆறு அங்குலம் விட்டுத் தர்றேன். கட்டைக்கால் மாட்டிக்கிட்டுப் படியேறலாம்."

"பதினாலு படி மேடம்."

"பதினாலு என்ன, நாப்பது ஏறுங்க!"

ஆர்லன் கடற்படையோடு போகிற மரீன் படை; பக்கத்துக் கட்டிலில் கிடந்த தரைப்படைக்காரர் சும்மா இருப்பாரா? "மரீன்காரனுக்கு மூளை முட்டிக்குக் கீழதான் டாக்டர். பாத்து வெட்டுங்க, எல்லாம் போயிரப் போவுது" என்றார். ஆர்லனுக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது. "உங்க ஆளுங்களுக்கு அதுவும் கிடையாதேப்பா" என்றார்.

அந்தப் பதினான்கு படிகளின் கதை வார்டு முழுக்கத் தெரியும். ஆர்லனின் மனைவி மார்லிஸுக்கு மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சில் 'ஆமா', 'இல்ல' என்ற இரண்டே சொற்கள் மிஞ்சின. படுக்கையும் குளியலறையும் மாடியில். சாப்பாடு எடுத்துப்போவது, கழுவிவிடுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் ஆர்லன்தான். பத்து நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறாள். முழங்கால் தப்பினால் ஆர்லன் திரும்பிப்போய்ப் படியேறுவார். முழங்கால் போனால், அந்த வயதில் தொடையில் மாட்டுகிற காலை வைத்துக்கொண்டு ஒரு படிகூட ஏற முடியாது. அப்புறம் மார்லிஸ் மாவட்ட முதியோர் இல்லத்துக்கு, அவர் நூறு மைல் தள்ளியிருக்கும் சிப்பாய்கள் இல்லத்துக்கு. நாற்பது வருடம் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள். ஜூடித்துக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாக்குக் கொடுத்தாள்.

முதல் கேஸ் பன்னிரண்டு மணிக்கு முடிந்திருக்க வேண்டும். அடைபட்ட ரத்தக்குழாய், தைத்த இடத்தில் கசிந்து கசிந்து உயிரை வாங்கியது. ஜூடித் வெளியே வந்தபோது மணி ஒன்று நாற்பது. வராந்தாவில் இரண்டு தள்ளுகட்டில்கள் நின்றன. ஒன்றில் ஆர்லன். இன்னொன்றில் குடலிறக்கத்துக்கு வந்திருந்த கர்னல் ஹாலிஸ். ஆஸ்பத்திரியின் ஆலோசனைக் குழுவில் இருப்பவர். டைரக்டரோடு வாத்து சுடப் போகிறவர்.

"ஒண்ணுக்குத்தான் நேரம்" என்றாள் பெவ். "மேலேருந்து மூணு தடவை போன் வந்திருச்சு. கர்னலை எப்போ உள்ள எடுக்கறீங்கன்னு டைரக்டர் கேக்கறார்."

"கர்னலோட குடல் அடுத்த வாரமும் அங்கயேதான் தொங்கிட்டிருக்கும்னு சொல்லு."

"அதை நீங்களே சொல்லுங்க தாயே. எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு."

ஜூடித் கர்னலிடம் போனாள். "சார், இன்னிக்கு ஒருத்தரைத்தான் எடுக்க முடியும். இவரோட கால் காத்திருக்காது. உங்களுக்குத் திங்கக்கிழமை போட்டுத் தர்றேன்."

கர்னல் கோபப்படவில்லை. கோபப்படத் தேவையில்லாத இடத்திலேயே வாழ்நாளெல்லாம் இருந்த மனிதர். "நீங்க டாக்டர். உங்க இஷ்டம்" என்றார். கொஞ்சம் கழித்து, "ராத்திரியிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. பரவாயில்ல. டைரக்டர்கிட்ட மட்டும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார்.

ஆர்லன் தலையைத் தூக்கினார். வலது காது அந்தப் பக்கம்தான் இருந்தது. "சார் எந்தப் படை?"

"மரீன். நீ?"

"கார்ப்பரல் பிரெக்கே, சார்! மரீன், கொரியா!" படுத்தபடியே இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி விறைத்துக்கொண்டார். படையை விட்டு நாற்பது வருடமாகிறது. உடம்புக்கு அது தெரியவில்லை. "சார் முதல்ல போகட்டும் மேடம்."

"உங்க கால் அழுகிட்டிருக்கு மிஸ்டர் பிரெக்கே!"

"அந்தப் பனிக்கு அப்புறமும் நாப்பத்திமூணு வருஷமா கூடவே இருக்கு. ஒரு ராத்திரியில ஓடியா போயிரும்? கர்னலைக் காக்கவெச்சுட்டு நான் முந்திப் போறதாவது! நாளைக்கு என்னை முதல் ஆளா எடுத்துக்குங்க."

நாளைக்கு. நாளை நவம்பர் பதினொன்று, படைவீரர் தினம். நாடு முழுக்கக் கொடியேற்றிக் கொண்டாடுவார்கள்; அரசு விடுமுறை; தியேட்டருக்குப் பூட்டு. ஆஸ்பத்திரி நாட்களில் ஆர்லனுக்குத் தேதி மறந்துபோயிருந்தது. கர்னலுக்கு மறந்திருக்க முடியாது. நாளைய கூட்டத்துக்கு அவருடைய வாழ்த்துரையை யார் வாசிப்பது என்று காலையில்தான் போனில் பேசியிருந்தார். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஜூடித்துக்கும் தெரியும். சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் போன் மறுபடி அடித்தது. பெவ் அதை எடுக்காமல் அவளையே பார்த்தாள். ஜூடித்துக்குத் திடீரென்று அலுப்பு வந்தது. டைரக்டரோடு சண்டை போட வேண்டாம். காரணம் சொல்ல வேண்டாம். குடலிறக்கம் முக்கால் மணி நேர வேலை. பழம் நழுவிப் பாலில் விழுந்ததை எடுத்து வெளியே எறிய அவளுக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"நிச்சயமா மேடம்."

கேஸ் தள்ளிப்போனால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். காரணங்கள் அச்சடித்தே இருக்கும். 'நேரமின்மை' என்ற கட்டத்தில் குறியிட்டால் தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்கம் விளக்கம் எழுத வேண்டும். 'நோயாளி மறுத்தார்' என்பதற்கு எதுவும் எழுத வேண்டியதில்லை. ஜூடித் அதில் குறியிட்டாள். மணி ஒன்று ஐம்பத்தைந்து.

அன்று மரீன் படையின் பிறந்தநாளும்கூட. மாலை ஐந்து மணிக்குச் சமையல்கட்டிலிருந்து பெரிய கேக் வந்தது. வாளால் வெட்டுவது வழக்கம். இங்கே ரொட்டிக் கத்தி. இடுப்பை மட்டும் மரக்கவைத்துச் செய்த ஆபரேஷன் ஆனதால் கர்னல் அதற்குள் தெளிந்து சக்கர நாற்காலியில் வந்திருந்தார். முதல் தட்டை அவரிடம் நீட்டினார்கள். கையைக் காட்டி மறுத்தார்.

"மரீன்ல அதிகாரி கடைசியாத்தான் சாப்பிடுவான். கடைசிச் சிப்பாய்க்கு வயிறு ரொம்பணும், அப்புறம்தான் நாங்க!"

எல்லாரும் கைதட்டினார்கள். அதிகம் தட்டியது ஆர்லன். கர்னல் அந்தத் தட்டைத் தன் கையாலேயே அவருக்குக் கொடுத்தார். மீசையில் கிரீம் ஒட்டிக்கொண்டு ஆர்லன் ஜூடித்தைப் பார்த்துக் கூவினார்: "நாளைக்கு எத்தனை மணிக்கு மேடம்?"

"நாளைக்கு லீவு. வெள்ளிக்கிழமை."

"என்ன லீவு?"

"படைவீரர் தினம்."

ஆர்லன் அரை நிமிடம் யோசித்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அட, எங்களுக்காகவா மூடறீங்க!"

வெள்ளிக்கிழமை பாதிப் பேர் விடுப்பு. ஒரே ஒரு தியேட்டர் திறந்திருந்தது. வயிற்றில் ரத்தம் கொட்டிக்கொண்டு வந்த ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். முடிந்தபோது மணி இரண்டு பத்து. ஜூடித் கத்தினாள், கெஞ்சினாள், எஃகுத் தட்டை எடுத்துச் சுவரில் அடித்தாள். "அவசரக் கேஸ்னு டைரக்டர் கையெழுத்துப் போடட்டும், இப்பவே கதவைத் திறக்கறேன்" என்றாள் பெவ். டைரக்டர் ஏரிக்கரை வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

சனிக்கிழமை விடியும்போது ஆர்லனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. கெண்டைக்கால் கறுத்து, முழங்காலைத் தாண்டிச் செங்கோடு ஏறியிருந்தது. உயிர் போகிற கேஸுக்குக் கடிகாரமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஜூடித் தொடையின் பாதியில் வெட்டினாள். அருமையான வெட்டு என்று உடன் நின்றவர்கள் சொன்னார்கள்.

பதினோரு நாள் கழித்து விசாரணைக் காகிதம் அவள் மேசைக்கு வந்தது. ஏன் தாமதம் என்று ஒரே கேள்வி. பதில் முன்பே படிவத்தில் இருந்தது. அன்று காலை, 'படிவத்தில் உள்ளபடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து வழக்கம்போல் அழகாக விழுந்தது. அதுதான் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மதியம் வார்டு வழியாகப் போனபோது ஆர்லன் கூப்பிட்டார். மடியில் டெலிபோன். கண்கள் வீங்கியிருந்தன.

"மேடம், மார்லிஸை இல்லத்துல சேத்துட்டாங்க. சேக்கும்போது மாவட்ட ஆபீஸ்காரி என் ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படிச்சுக் காட்டியிருக்கா. புருஷன் ஆபரேஷனை மறுத்துட்டாருன்னு. நான் எங்க மேடம் மறுத்தேன்? சார் போகட்டும்னுதானே சொன்னேன்? நாளைக்கு எடுங்கன்னுதானே சொன்னேன்?"

ஜூடித் கட்டில் காலில் தொங்கிய அட்டையை எடுத்துப் புரட்டினாள்.

"வீட்டுக்கு வர இஷ்டமில்லாமதான் காலை அழுகவிட்டேன்னு நினைக்கிறா. மூணு வருஷம் பீ மூத்திரம் அள்ளி அலுத்துப்போச்சு இவனுக்குன்னு நினைக்கிறா. நான் என்ன சொன்னாலும் 'இல்ல, இல்ல'ங்கிறா." ரிசீவரை நீட்டினார். "நடந்ததை ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. டாக்டர் சொன்னா நம்புவா."

வார்டு வாசலில் பெவ் நின்றாள். "ஒண்ணு நாப்பத்தெட்டு டாக்டர். அடுத்த ஆள் மேசையில ரெடி." பக்கத்துக் கட்டில்காரர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடியில் வைத்துவிட்டுப் பார்த்தார். மேலே அவள் அறையில், காலையில் போட்ட கையெழுத்தின் மை காய்ந்திருந்தது.

ஜூடித் ரிசீவரை வாங்கினாள். ஆர்லனின் இடது காதுப்பக்கம் நகர்ந்து, முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அவரிடம் பேசும்போது எப்போதும் கத்துகிறவள், இப்போது குரலை இறக்கினாள்.

"மிஸஸ் பிரெக்கே, நான்தான் சர்ஜன். படிவத்துல இருக்கறது சரிதான். அன்னிக்கு அவரா எடுத்த முடிவு."

 மறுமுனையில், கோணிய வாயிலிருந்து மெதுவாக, "ஆமா" என்றாள் மார்லிஸ். போன் வைக்கப்பட்டது.

"என்ன சொன்னா மேடம்?"

"'ஆமா'ன்னாங்க!" என்று ஜூடித் கத்தினாள்.

"நம்பிட்டாளா?"

"நம்பிட்டாங்க!"

ஆர்லன் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நூறு வருஷம் நல்லா இருங்க மேடம். இந்த உதவியை மறக்கமாட்டேன்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

ஜூடித் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு நடந்தாள். மணி ஒன்று ஐம்பத்திரண்டு. இரண்டுக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.