பின்னால் போகாத வண்டி

"இன்னும் ஒரே ஒரு போல்ட்டுதான். கைய எடுத்துடாதே" என்றார் மெக்கானிக்.

வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தபடி, ஜாக்கி மேல் உட்கார்ந்திருந்த கியர்பாக்ஸை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் மகள். தலைமுடியிலும் காதிலும் கியர் ஆயில். அவளுக்கு அப்பாவின் கடையில் கண்ணாடி அறுக்கிற தொழில். அதில் கை கிழியும், ஆனால் இப்படிக் கறுத்துப்போகாது.

போல்ட் கழன்றது. பெட்டி முனகிக்கொண்டே பின்னால் நகர்ந்து இறங்கியது. இரண்டு பேருமாக அதை இழுத்து வந்து வீட்டு வாசற்படி ஓரமாகப் போட்டார்கள்.

"இறங்கிடுச்சா?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது. குரல் என்று சொல்வதே மரியாதைக்குத்தான்.

"இறங்கிடுச்சுப்பா."

"பாத்து. கால்ல கீல்ல போட்டுக்காதீங்க."

இனி வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி நான்கு நாளாகிறது. வீட்டுக்கு வந்ததும் அவர் சாப்பாடு கேட்கவில்லை, சொந்தக்காரர்களைக் கேட்கவில்லை. மெக்கானிக்குக்கு போன் போடச் சொன்னார். கண்ணாடி ஏற்றுகிற பிக்கப்புக்கு கியர்பாக்ஸ் மாற்ற வேண்டும், இந்த வாரமே, இங்கேயே, தன் காதில் விழுகிற மாதிரி. கட்டிலையும் ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னார்.

மகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போன மாதம்வரை நன்றாக ஓடிய வண்டி. ஏன்ப்பா என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். முதல் முறை, "பழசாயிடுச்சு" என்றார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டார்.

இன்னொரு விஷயமும் அவளைக் குடைந்துகொண்டிருந்தது. தெருவிலிருந்து வீட்டு வாசலுக்கு இறங்கி வர இருப்பது ஒரே ஒரு சந்து. பதினோரு வருஷமாக, மழையானாலும் வெயிலானாலும், அப்பா வண்டியைத் தெருவில்தான் நிறுத்துவார். போன மாதம், கடைசியாக ஓட்டிய அன்று மட்டும், மூக்கை முன்னால் விட்டு நேரே சந்துக்குள் இறக்கி வாசலில் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒருக்களித்துத்தான் வீட்டுக்குள் வருகிறார்கள். அப்பாவும் அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார், வந்தார். அவர் ஒருக்களிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு இளைத்திருந்தார்.

டீ குடித்த கையோடு மெக்கானிக் பழைய பெட்டியின் மூடியைக் கழற்றினார். எட்டிப் பார்த்தவர் உள்ளே விரலை விட்டுத் துழாவினார்.

"என்னண்ணே?"

"ரிவர்ஸுக்குன்னு தனியா ஒரு சக்கரம் இருக்கும். பல்லு தேஞ்சிருக்கும்னு நெனச்சேன். இதுல சக்கரமே இல்ல."

அவளும் குனிந்து பார்த்தாள். எண்ணெய் பூசிய பல்சக்கரங்களுக்கு நடுவில், ஒரு பல் விழுந்த வாய் மாதிரி இடம் காலியாக இருந்தது.

"உடைஞ்சு விழுந்திருக்குமோ?"

"விழுந்தா அடியில கெடக்கும். இது விக்கிறதுக்கு முன்னாலயே எவனோ கழட்டி எடுத்துட்டு மூடியிருக்கான். உங்கப்பா தலையில நல்லா மொளகா அரைச்சிருக்கான்."

"அப்போ இது ரிவர்ஸ்ல போகவே போகாதா?"

"உங்கப்பா வாங்கினதுலேருந்து ஒரு அடி போயிருக்காது."

மகளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் கண்ணாடித் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் அப்பா சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்று உண்டு. கண்ணாடி ஏற்றிய வண்டியைப் பின்னால் எடுக்கக் கூடாது. பின்னால் எடுத்தால் அதிர்வு தப்பான பக்கத்திலிருந்து வரும், கீறல் விழும், கண்ணுக்குத் தெரியாது, மாட்டும்போதுதான் உடையும். அவ்வளவு அழகாகச் சொல்வார். கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இவளே அதை ஒப்பித்திருக்கிறாள். ஏற்றாத நாளில்? பழக்கம் கெட்டுவிடக் கூடாதாம். வண்டிச் சாவியை மட்டும் அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். இமை லேசாகத் துடித்தது. தூங்குகிறவரின் இமை அப்படித் துடிக்காது. கேட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. வேலை முடியட்டும், வண்டியை எடுத்துக் காட்டிவிட்டுக் கேட்கலாம், அப்போது எப்படி முழிக்கிறார் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

புதுப் பெட்டி லேசில் ஏறுகிற வழியாக இல்லை. அதன் மூக்குத்தண்டு கிளட்ச் தட்டின் துளைக்குள் நுழைய வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் முரண்டு பிடித்தது. அவள் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, மெக்கானிக் திருப்பித் திருப்பித் தள்ளினார்.

"உள்ள போச்சா?" ஜன்னலிலிருந்து வந்தது.

"இன்னும் இல்லப்பா!"

"அவசரப்படாதீங்க..."

கொஞ்ச நேரம் கழித்து 'ளக்' என்று ஒரு சத்தம். பெட்டி இஞ்சினோடு போய் ஒட்டியது. "அசையாதே, ரெண்டு போல்ட்டு மாட்டிக்கிறேன்" என்றார் மெக்கானிக்.

"போயிடுச்சுப்பா!" என்று அவள் கத்தினாள்.

பதில் வரவில்லை. கதவு திறந்தது. அவள் படுத்திருந்த இடத்திலிருந்து அம்மாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. செருப்பில்லாத கால்கள் வாசற்படியில் வந்து நின்றன.

"நீ வா" என்றாள் அம்மா.

"ரெண்டே நிமிஷம்மா. கைய விட்டா பெட்டி சரிஞ்சுடும்."

"முடிச்சுட்டு வா. அவசரம் ஒண்ணுமில்ல இனிமே."

மெக்கானிக்கின் ஸ்பேனர் நின்றது. பிறகு வேகவேகமாகத் திருகியது. மகள் பெட்டியை விடவில்லை. கை வலித்தது, கண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைக்க ஒரு கை மிச்சமில்லை. கேட்டிருக்கலாமே, கேட்டிருக்கலாமே என்று ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

தகவல் கேட்டு முதலில் வந்தவர் சித்தப்பா. அவரும் கண்ணாடி வண்டி ஓட்டுகிறவர்தான். அண்ணன் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்து வெளியே வந்தவர், சந்து முழுக்க அடைத்துக்கொண்டிருந்த பிக்கப்பைப் பார்த்தார்.

"அண்ணனை எப்படி வெளிய கொண்டுபோறது? சவப்பெட்டி திரும்பாதே."

வேறு வழியில்லாமல், வண்டியில் ரிவர்ஸே இல்லாததை மகள் சொன்னாள். பழைய கியர்பாக்ஸையும் திறந்து காட்டினாள். சித்தப்பா குனிந்து அந்தக் காலி இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"அப்போ... கீறல் விழும்னு சொன்னது?"

"ஒண்ணும் விழாது சித்தப்பா."

"எட்டு வருஷமா ஊரைச் சுத்திச் சுத்தி வர்றேன்டி நான்! இன்னைக்குக்கூட ரெண்டு தெரு தள்ளிச் சுத்திட்டு வந்துதான் நிறுத்தியிருக்கேன், வெறும் வண்டிய!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து அவருக்குப் புரையேறியது. மெக்கானிக் தண்ணீர் கொடுத்தார். "பாவி அண்ணே" என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "மேட்டுல தள்ள முடியாது. என் வண்டியில கயிறு கட்டி இழுத்துடலாம்" என்றார்.

"கயிறு வேண்டாம்" என்றாள் அம்மா. ஜன்னலுக்குள்ளே, கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவள். "வேலைய முடிங்க. வண்டி அதுவா வரட்டும்."

"அண்ணி, எவ்வளவு நேரமாகுமோ..."

"ஆகட்டும்."

அம்மா குரல் உயர்த்தவில்லை. மெக்கானிக் மறுபடி வண்டிக்கடியில் போனார். மகள் உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் நெற்றியைத் தொடக் கை நீட்டியவள், கறுப்பு விரல்களைப் பார்த்து மடக்கிக்கொண்டாள்.

"தொடு. அவருக்கு அது பழக்கம்தானே" என்றாள் அம்மா.

தொட்டாள். இன்னும் சூடு இருந்தது.

"அம்மா, உனக்குத் தெரியுமா?"

"என்னது?"

"ரிவர்ஸ் இல்லாதது."

"வாங்கிட்டு வந்த அன்னைக்கே தெரியும். முன்னாலயும் பின்னாலயும் ஓட்டிப் பாத்து வாங்குங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எனக்குத் தெரியாதான்னு முறுக்கிட்டுப் போனாரு. வந்து தெருவுலயே நிறுத்தினாரு பாரு, அப்பவே புரிஞ்சுபோச்சு."

"நீ கேக்கவே இல்லையா?"

"கேட்டா ரெண்டு பேருக்குமே கஷ்டம்." அம்மா போர்வை நுனியை நீவிவிட்டாள். "மாத்தினா என்கிட்ட ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு மாத்தவே இல்ல. என்னைக்காவது சொல்லுவாருன்னு இருந்தேன்."

"சொல்லாமலே போயிட்டாரே."

"அதான் போன மாசம், திரும்ப எடுக்க முடியாதுன்னு தெரிஞ்சே சந்துக்குள்ள கொண்டுவந்து விட்டாரே" என்றாள் அம்மா. "வேற எப்படிச் சொல்லுவாரு அவரு?"

மகளுக்கு அடக்க முடியவில்லை. அம்மா மடியில் விழுந்து அழுதாள். அம்மா அவள் முடியிலிருந்த எண்ணெயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று மணிக்கு வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கியது. சித்தப்பா ஓட்ட முன்வந்தார். அம்மா அப்பாவின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மகளிடம் நீட்டினாள். "உனக்காகத்தான் மாத்தச் சொன்னாரு. நீ எடு."

இருக்கை அப்பாவின் காலளவுக்குத் தள்ளியிருந்தது. அவள் அதை முன்னால் இழுத்துக்கொண்டாள். கிளட்ச்சை மிதித்து, கியர் கம்பியைத் தள்ளி ரிவர்ஸுக்குக் கீழே இழுத்தாள். முரண்டு பிடிக்காமல் விழுந்தது.

கண்ணாடியில் பார்த்தாள். சந்தின் மேல்முனையில், தெருவில் காத்திருந்தவர்களை விலக்கிவிட்டு, அம்மா வந்து நின்றிருந்தாள். ஒரு கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது.

"வரட்டும்" என்றாள் அம்மா.

ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. பதினோரு வருஷம் எரியாத பல்பு, வெயிலில் மங்கலாக. வண்டி ஒரு முறை குலுங்கி, மேட்டில் பின்னால் ஏறத் தொடங்கியது.

"வரட்டும்... வரட்டும்..."

பின்சக்கரங்கள் தெருவைத் தொட்டன. முன்சக்கரங்களும் வந்துவிட்டன. வாசல் திறந்துவிட்டது, சந்து காலியாகிவிட்டது. வண்டியைத் திருப்பி நேராக்கிக்கொண்டு, நிறுத்தச் சொல்வாள் என்று மகள் பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்தாள்.

அம்மா கையை இறக்கவில்லை. பின்னால் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்தபடி, பக்கத்து வீட்டையும் அதற்கடுத்த வீட்டையும் தாண்டி, வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

"வரட்டும்... இன்னும் வரட்டும்..."