தோடம்பழக் கலர்க் கால்

"மற்றப் பெருவிரல்..." என்று தொடங்கிய, பிரேதப் பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கிழித்த வெள்ளைத் துணியின் ஒரு முனையைச் சோமசேகரத்தின் இடது காற்பெருவிரலில் சுற்றியாயிற்று. மறுமுனையைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடமில்லை. வலது கால் நாலு வருசத்துக்கு முன்னமே, முழங்காலுக்குக் கீழே, சீனி வருத்தத்தில் போய்விட்டது. குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, நாடிக்கட்டும் கட்டிப் பெட்டிக்குள் கிடத்திய பிறகுதான் எல்லாருக்கும் அது நினைவு வந்தது. இரண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்டாமல் அந்த ஒழுங்கையிலிருந்து ஒரு சவமும் வெளிக்கிட்டதில்லை.

"கட்டு வேண்டாம். வேட்டியை இழுத்து மூடிவிடுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது," என்றார் பெரியத்தான். சோமசேகரத்தின் தமையன், பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். செத்தவீட்டிலும் அவருக்குப் பள்ளிக்கூடக் குரல்தான்.

தலைமாட்டில் இருந்த மனைவி தங்கரத்தினம் கொண்டையை முடிந்துகொண்டு எழும்பினாள்.

"மூடாதேங்கோ. மற்றக் கால் இருக்குது."

"எங்க?" என்றார் மலர்ச்சாலைக்காரர்.

"அலுமாரிக்குள்ள."

மகள் லோஜினி தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். "அம்மா, வேண்டாம் அம்மா. பெரியப்பா ஏசுவார்." அழுகிற முகம்தான். ஆனால் வாயின் ஓரம் வேறு மாதிரித் துடித்தது.

"ஏசட்டும். உன்ர கொப்பருக்கு ஏசாத நாள் எது?"

துறைமுகத்தில், கப்பலை இழுத்துக் கட்டுகிற படகில், முப்பது வருசம் கயிற்றோடு கிடந்த மனுசன் சோமசேகரம். காலை எடுத்த பிறகு ஆறு மாதம் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஒருநாள் லோஜினியின் போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கொக்கி ஊசியால் தொப்பி பின்னுவதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து இருந்தார். "இது எங்கட கயிற்று வேலைதானே. கயிறு கொஞ்சம் மெல்லிசு, அவ்வளவுதான்."

பக்கத்து வீட்டுச் சுபைதா கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் வூல் நூல் வாங்கி வந்து வேலிக்கு மேலால் எறிவாள். ஒரு வருசத்துக்குள் தண்ணீர்க் குழாய்க்குச் சட்டை வந்தது. கதிரைக் கால்களுக்குக் காலுறை வந்தது. றேடியோ பச்சையும் மஞ்சளுமாய்ப் போர்த்திக்கொண்டு செய்தி சொன்னது.

"இனி என்னையும் ஒரு உறை பின்னி மூடிப்போடுவியள்," என்பாள் தங்கரத்தினம்.

"உனக்கோ? சுபைதாட நூல் காணாதடியப்பா."

பெரியத்தானுக்குத்தான் அது தாங்கேலாமல் இருந்தது. "ஆம்பிளை செய்யிற வேலையோ இது? சும்மா இருக்கேலாட்டித் தேவாரத்தைப் படியன்ரா," என்பார்.

"அதுவும் படிக்கிறன் அண்ணை. அது வாய்க்கு, இது கைக்கு."

வாசலில் ஆள் அரவம் கேட்டால் போதும், நூல் கூடையைச் செருப்புக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவார் பெரியத்தான். சோமசேகரம் ஊன்றுகோலால் அதைத் திரும்ப வெளியே இழுப்பார். வந்தவர்கள் இதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடிப்பார்கள்.

ஒருமுறை சாம்பல்தீவிலிருந்து வந்த சொந்தக்காரி ஒருத்தி, வெட்டிய காலைத் தடவித் தடவி ஒப்பாரி வைக்காத குறையாய் அழுதுவிட்டுப் போனாள். இரண்டு நாள் மனுசன் திரும்பவும் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மூன்றாம் நாள் தோல் நிறத்தில் நூல் கேட்டார். சுபைதாவுக்குக் கிடைத்தது தோடம்பழக் கலர், நல்ல பழுத்த ஆரஞ்சு. அதிலேயே முழங்காலிலிருந்து விரல் நுனிவரை ஒரு முழுக் கால் பின்னி, தங்கரத்தினத்தின் தலையணையைக் கிழித்துப் பஞ்சை அடைத்து, ஐந்து நகங்களுக்கும் சிவப்பு நூல் வைத்தார். அடுத்து யார் வந்தாலும் வேட்டியைத் தூக்கிக் காட்டுவார்: "இஞ்ச பாருங்கோ, முளைச்சிட்டு!"

அழ வந்தவர்கள் புரைக்கேறச் சிரித்துவிட்டுப் போனார்கள். பெரியத்தான் மட்டும் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்.

தங்கரத்தினம் அந்தக் காலைக் கொண்டுவந்து முழங்காலில் கொழுவினாள். மலர்ச்சாலைக்காரர் துணியோடு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, இதில பெருவிரல் வெளிப்பக்கமெல்லோ நிக்குது?"

உண்மைதான். இருந்த காலைப் பார்த்துப் பார்த்துப் பின்னியதில் அதுவும் இடது காலாகவே வந்திருந்தது. அன்றைக்கே லோஜினி சொன்னாள், அவிழ்த்துப் பின்னச் சொல்லி. "ஏலாது. நகமும் வைச்சாச்சு," என்றுவிட்டார் தகப்பன்.

"பார்த்தியளே!" பெரியத்தானின் குரல் வாசல்வரை போனது. "பிழையான கால்! பொம்மை விளையாட்டோ இது? சுடலைவரைக்கும் ஆக்கள் சிரிப்பினம். கழட்டுங்கோ அதை!"

"சிரிக்கட்டும் பெரியத்தான். அதுக்குத்தான் பின்னினவர்."

"நான் சொல்லுறன், கழட்டுங்கோ!"

கலியாணமாகி வந்த முப்பத்தெட்டு வருசத்தில் அவள் அவருக்கு எதிரே கதிரையில்கூட இருந்ததில்லை. இப்போது பெட்டிக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

"அவர் கூடையை ஒருநாளும் ஒளிக்கேல்ல. நீங்கள்தான் ஒளிச்சனீங்கள். இண்டைக்கு ஆளையும் கட்டிலுக்குக் கீழ தள்ளப் போறியளோ?"

பெரியத்தான் ஆட்களுக்குப் பின்னால் போய் நின்றார். வெளியே யாரோ, ஊருக்குள் ஆடுமாடுபோல் திரிகிற மான்களில், மலர் வளையத்தைத் தின்ன வந்த ஒன்றைக் கலைத்தார்கள். வாசலில் நின்ற சுபைதா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"துணி நீளம் காணாது," என்றார் மலர்ச்சாலைக்காரர் மெதுவாக.

தங்கரத்தினம் வெள்ளையில் இன்னொரு முழம் கிழித்தாள். "தாங்கோ, நான் கட்டுறன்." இருந்த விரலிலிருந்து துணியை எடுத்து, பின்னிய நாலு விரலுக்கும் மேலால் கொண்டுபோய், வெளியே நின்ற பெருவிரலில் சுற்றினாள். படகுக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சைச் சோமசேகரம் அவளுக்குக் கட்டில் சட்டத்தில் காட்டித் தந்திருந்தார். இழுக்க இழுக்க இறுகும். இழுத்தாள்.

கிரியை முடிந்து, வாய்க்கரிசி போட்டு, மூடியைத் தூக்கி வந்தார்கள். தலைப்பக்கம் பொருந்தியது. கால்பக்கம் பொருந்தவில்லை. தோடம்பழக் கலர்ப் பெருவிரல் சிவப்பு நகத்தோடு பெட்டி விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தது.

தூக்க வந்த ஒருவர் மூடியை அழுத்தினார்.

"மெல்ல!" என்றாள் தங்கரத்தினம். "விரல் நசியும்."

கூட்டத்தில் ஒரு பெண் சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்து அழுகையாயிற்று. லோஜினி தாயின் தோளில் முகத்தைப் புதைத்தாள்; அவளுடைய உடம்பு குலுங்கியது எதனால் என்று தங்கரத்தினத்துக்கே தெரியவில்லை.

"ஆராவது அந்த விரலைப் பிடியுங்கோவன்," என்றார் மலர்ச்சாலைக்காரர்.

ஒருவரும் அசையவில்லை. பிறகு பெரியத்தான் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்தார். சுட்டுவிரலால் அந்தப் பஞ்சு விரலை உள்ளே மடக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப மூடுங்கோ," என்றார். மூடி இறங்க இறங்க அவருடைய கையும் கூடவே இறங்கியது. கடைசி இடைவெளியில்தான் விரலை வெளியே எடுத்தார்.

பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டார்கள். பெட்டியின் முன்பக்கத் தோள் பெரியத்தானுடையது. பிடியைப் பற்றியிருந்த அவருடைய சுட்டுவிரல் நகத்தில் தோடம்பழக் கலர் நூல்தும்பு ஒன்று ஒட்டியிருந்தது. ஒழுங்கை முடிந்து கடல் தெரிகிற திருப்பத்தில் கைமாற்ற ஒருவர் வந்தார். பெரியத்தான் பிடியைக் கொடுக்கவில்லை. தும்பையும் தட்டிவிடவில்லை.