சுண்டைக்காய் நாட்டுக்கு மலிவு டிக்கெட்

என் கணவர் பம்பு செய்கிற தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி. ஒரு பெட்டி ஆணி வாங்குவதென்றாலும் மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்டு, மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அந்தப் பழக்கம் தொழிற்சாலை வாசலோடு நின்றிருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? தக்காளி வாங்கவும் மூன்று கடை. ஆடுகிற பல்லைப் பிடுங்கவும் மூன்று டாக்டர். மூன்றாவது டாக்டரிடம் போவதற்குள் பல் தானாகவே விழுந்துவிட்டது. அதில் மிச்சமான காசைப் பற்றி இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்வார். என்னைப் பெண் பார்க்க வந்ததும் இரண்டு வீடு பார்த்த பிறகுதான். ஆக, நான் மூன்றாவது கொட்டேஷன்.

இப்பேர்ப்பட்ட மகானிடம்தான், என் தங்கையின் பிரசவத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போக விமான டிக்கெட் எடுக்கும் பொறுப்பைக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தங்கை இருப்பது ஒரு சுண்டைக்காய் நாட்டில். வரைபடத்தில் அதன் பெயரை எழுத நாட்டுக்குள் இடம் போதாமல் கடலில் எழுதியிருப்பார்கள். அவள் புருஷனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. பிரசவ நேரத்தில் எந்தக் கடலில் மிதந்துகொண்டிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. எங்கள் அம்மா போய் ஆறு வருஷமாயிற்று. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து நின்ற கரு இது.

"அக்கா, நீ பக்கத்துல இருந்தா போதும். எனக்குப் பயமா இருக்கு," என்று போனில் அழுதாள்.

"போடி பைத்தியம், நான் இல்லாம வேற யார் இருப்பா? பத்தாம் தேதி உன் வீட்டு வாசல்ல நிக்கிறேன் பாரு," என்றேன். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி இருபது.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். வீட்டிலும் அதே வேலைதான் செய்கிறேன் என்பது கணவரின் புகார். ஒரு மாத லீவு சொல்லியாயிற்று, விசாவும் வந்தாயிற்று. பாக்கி இருந்தது டிக்கெட் ஒன்றுதான்.

"நேரா மூணு மணி நேரத்துல போற பிளைட் இருக்கே, அதையே எடுங்களேன்."

"அவசரப்படாதே. செவ்வாய்க்கிழமை மத்தியானம் விலை குறையும்."

"யார் சொன்னா?"

"அதெல்லாம் ஒரு கணக்கு."

அந்தக் கணக்கு அவருக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். சாப்பாட்டு மேஜை முழுக்க அவருடைய லேப்டாப், என்னுடைய லேப்டாப், இரண்டு போன்கள். நாம் தேடுவது தெரிந்தால் விமானக் கம்பெனிக்காரன் விலையை ஏற்றிவிடுவானாம். அதனால் அந்த நாட்டின் பெயரை வீட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று தடை. "அந்த இடம்" என்றுதான் பேச வேண்டும், அதுவும் மெதுவாக. ஏதோ கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறவர்களைப் போல நாங்கள் இரண்டு பேரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது கொட்டேஷன் வருவதற்குள் முதலாவது செத்துப்போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். பத்தாம் தேதி விலை ஏறியது, பதிமூன்று என்றார். பதிமூன்றும் ஏறியது, பதினைந்து என்றார். கடைசியில் பதினேழில் வந்து நின்றார். ஒவ்வொரு தடவையும் தங்கைக்குப் போன் செய்து தேதி மாற்றிச் சொன்னது யார் என்கிறீர்கள்? சாட்சாத் நானேதான். "எப்படியும் இருபதுக்கு முன்னாடி வந்துடுவோம்டி" என்று சிரித்தேன். அவள் "பரவாயில்லைக்கா" என்றாள். ஒவ்வொரு தடவையும் அதேதான் சொன்னாள். எனக்குத்தான் காது கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, குளித்துக்கொண்டிருந்த என்னைக் கதவைத் தட்டிக் கூப்பிட்டார். "மாட்டிக்கிச்சு! பாதி விலை!"

விஷயம் இதுதான். அந்த இடத்தில் விமான நிலையம் ஒன்றுதான், அதில் இறங்கினால் கொள்ளை விலை. ஆனால் பக்கத்து நாட்டின் விமான நிலையம் எல்லையிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே இறங்கி ஒரு பஸ் பிடித்தால் முடிந்தது கதை. "இந்த மூளை யாருக்கு வரும்?" என்றார். நானும் அந்தச் சின்ன விலையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றேன், பொய் சொல்வானேன்.

அப்புறம் பெட்டிக்குத் தனிக் காசு என்று தெரிந்தது. சீட்டுக்குத் தனி, தண்ணீருக்குத் தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். "பெட்டியே வேணாம்," என்று முடிவு செய்தார். குழந்தைக்கு நான் வாங்கி வைத்திருந்த சட்டைகளையெல்லாம் எங்கள் கோட்டுப் பைகளில் திணித்தார். பதினேழாம் தேதி காலை, அந்த வெயில் காலத்தில் ஆளுக்கொரு கோட்டுப் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் போய் நின்றோம்.

கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "சார், இறங்கற நாட்டுக்கு விசா எங்க?"

"நாங்க அந்த நாட்டுக்குப் போகலைம்மா. அங்க இருக்கிற பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போறோம்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. நல்ல வளர்ப்பு. "பஸ் ஸ்டாண்டும் அந்த நாட்டுக்குள்ளதானே சார் இருக்கு?" என்றாள்.

மூன்று கொட்டேஷன் பார்த்த மனிதர் விசாவைப் பார்க்கவில்லை. கோட்டுக்குள் வியர்த்து வழிய அவர் வாதாடிக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. தங்கை. "வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன். நீ பதறாம வாக்கா."

எதிர்க் கவுன்டருக்கு ஓடினேன். நேராகப் போகிற விமானம் ஒரு மணி நேரத்தில் கிளம்புகிறது, ஒரே ஒரு சீட்டு இருக்கிறது என்றார்கள். சொன்ன விலைக்குக் கார்டை நீட்டினேன்.

பின்னாலேயே வந்தவர், "இரு இரு, இன்னொரு கம்பெனில கேட்டுட்டு..." என்றார்.

"வாயை மூடுங்க," என்றேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. மூடிக்கொண்டார். தன் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதில்தான் சட்டைகள் பாதி இருந்தன.

சின்ன நாட்டில் ஒரு சௌகரியம், விமான நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம்தான். மத்தியானம் இரண்டு மணிக்கு மூன்றாவது மாடியில் பிரசவ அறை வாசலில் நின்று தங்கையின் பெயரைச் சொன்னேன். நர்ஸ் கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"கூட இருக்க ஒருத்தருக்குத்தான் அனுமதி. அவங்க ஏற்கெனவே உள்ள இருக்காங்க."

"யாரு?"

"பக்கத்து வீட்டம்மா. பேஷன்ட்டே போன வாரம் அவங்க பேரை எழுதிக் கொடுத்துட்டாங்களே."

போன வாரம். நான் பதினேழு என்று சிரித்துக்கொண்டே சொன்ன வாரம். "நான் சொந்த அக்கா," என்றேன். "சரிம்மா, உக்காருங்க," என்றாள் நர்ஸ். கதவு மூடியது. மடியில் இரண்டு கோட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே அவள் கத்துவது கேட்டது. கூடவே வேறு யாரோ "இதோ ஆச்சு, இதோ ஆச்சு கண்ணு" என்று சொல்வதும் கேட்டது. அது நான் சொல்லியிருக்க வேண்டியது.

கணவர் போன் செய்தார். "போய்ட்டியா? அவ எப்படி இருக்கா? திரும்பி வர்ற டிக்கெட்டைத் தேடிட்டு இருக்கேன், செவ்வாய்க்கிழமை வந்தா..."

அப்போதுதான் குழந்தை அழுதது. நான் போனைக் கதவுப் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

சற்று நேரம் கழித்துக் கதவு திறந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு நடுவயசு அம்மாள் வெளியே வந்தார். களைத்துப்போன முகமெல்லாம் சந்தோஷம். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்றவர், என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அட, அதே ஜாடை! வர முடியாமப் போன அக்கா நீங்கதானே?"

எதற்கெடுத்தாலும் வெடுக்கென்று பதில் சொல்கிறவள் என்று எனக்குப் பெயர். வாயைத் திறந்தேன்.

"ஆமாம்," என்றேன்.